மறு: சோக்குக்குத் தமிழ் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,
பெட்ரோல் சங்கிலி வாள் பராமரிப்புக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும். சோக்கில், அதாவது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது காற்றை அடைக்கும் உறுப்பின் பெயரில், மாட்டிக்கொண்டு நிற்கிறேன். போன வகுப்பில் ஒருவர், எஞ்சின் ஒருமுறை இருமி நின்ற பிறகும் சோக்கைத் திறக்காமல் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனையெல்லாம் நனைந்து பெட்ரோல் சொட்டுகிறது. கேட்டால், "சோக் போட்டா பெட்ரோல் கூட வரும், நல்லதுதானே?" என்கிறார். அது அடைப்பது காற்றை என்று பெயரிலேயே தெரிய வேண்டும். "காற்றுமூடி" சரியா?

—

> காற்றுமூடி

மூடு + இ. விகுதியில் குறையில்லை. ஆனால் அந்த வாளில் ஏற்கெனவே இரண்டு மூடிகள் உண்டு, பெட்ரோலுக்கு ஒன்று, சங்கிலி எண்ணெய்க்கு ஒன்று. "மூடியைத் திற" என்றால் மாணவர் எதைத் திறப்பார்? வளியடைப்பான் என்க. கரிகாலனின் முன்னோனை "வளிதொழில் ஆண்ட உரவோன்" என்கிறது புறநானூறு (66). கூடவே, பெட்ரோலும் காற்றும் சேர்ந்ததை "மயக்கம்" எனலாம். "நிலம் தீ நீர் வளி விசும்பொடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்" என்பது தொல்காப்பியம். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துச் சேர்வதை மெய்ம்மயக்கம் என்று இலக்கணத்தில் படித்தவர்களுக்கு இது புதிதா என்ன?

—

ஐயா, "மயக்கம் அதிகமானால் எஞ்சின் நின்றுவிடும்" என்று அச்சிட்டால் முதலுதவிப் பெட்டியைத் தேடுவார்கள்! இது டூ ஸ்ட்ரோக், பெட்ரோலிலேயே எண்ணெய் கலக்க வேண்டிய எஞ்சின். 50:1 என்றால் பெட்ரோல் லிட்டருக்கு 20 மி.லி. எண்ணெய் ஊற்றுகிறோமே, அதுவும் கலவை. கார்புரேட்டரில் காற்றோடு சேர்வதும் கலவை. முதலில் இந்த இரண்டையும் பிரியுங்கள். சோக் சோக்காகவே இருக்கட்டும்.

—

வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. உகரம் சேர்த்தால் சோக்கு. மரம் அறுக்கிற எஞ்சினுக்கு என்ன சோக்கு? "திணறி" எப்படி?

—

திணறுவது எஞ்சின் அல்லவா? பிறவினை வேண்டுமானால் "திணறடிப்பி" என்றாகும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சின் ஆறிவிடும். காற்றடைப்பான் போதும்.

—

காற்றடைப்பான் என்று அம்மா சொல்வது எனக்கும் பிடித்திருக்கிறது, ஒரு சிக்கலைத் தவிர. காற்று பில்ட்டரில் மரத்தூள் அப்பிக்கொண்டால் அதுவும் காற்றை அடைத்து, சோக் போட்ட மாதிரியே கரும்புகை கக்க வைக்கும். அந்தப் பழுதை நான் "காற்றடைப்பு" என்று 3 இடத்தில் எழுதியிருக்கிறேன். சரி, பழுது அடைப்பு, உறுப்பு அடைப்பான். ஆன் விகுதி காப்பாற்றட்டும். நால்வர் காற்றடைப்பான், ஒருவர் வளி, ஒருவர் சோக். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "சோக் எனப்படும்" என்று சேர்த்து அனுப்புகிறேன். கலவையை "எண்ணெய்க் கலவை", "காற்றுக் கலவை" என்று பிரித்துவிட்டேன்.

—

வளி இரண்டே எழுத்து, தம்பி. அடுத்த பதிப்புக்காவது என் மறுப்பைக் குறித்துவைக்கவும். மயக்கம் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.