ஆரரி செய்கிறேன், செவ்வாய்க்கு எத்தனை பல் வைப்பது?

திருகாணி:
கைப்பிடியைச் சுற்றினால் கோள்கள் சூரியனைச் சுற்றி வருமே, அந்த ஆரரியைத் த்ரீடி பிரிண்டரில் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். வெள்ளி, பூமி, செவ்வாய் போதும். ஓரத்தில் ஓர் அச்சு, அது ஒரு சுற்று சுற்றினால் ஒரு வருடம். நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று குழாய்கள். வெள்ளிக்கு 224.7 நாள், செவ்வாய்க்கு 687 நாள். இதை அப்படியே பற்களாக்கினால் சக்கரம் எங்கேயோ போய்விடுகிறது. எப்படிக் குறைப்பது?

பழைய கடிகாரம்:
தொடர் பின்னம்தான் வழி, அதாவது பெரிய எண்களின் விகிதத்துக்கு மிக நெருக்கமான சிறிய எண்களின் விகிதத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் கணக்கு. 1680-களில் டச்சு விஞ்ஞானி ஹைகென்ஸ் தன் கோள் இயந்திரத்தில் சனிக்கு 206:7 என்று பிடித்ததும் அப்படித்தான். வெள்ளிக்கு 13:8 போதும், 8 வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான் பிசகும். அச்சில் 52, குழாயில் 32 பல் வையுங்கள். கூட்டினால் 84, ஆகவே பூமிக்கு 42-42. மாட்யூல், அதாவது சக்கரத்தின் விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் பல் அளவு, எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக இருந்தால் எல்லா ஜோடிக்கும் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பற்கள் சேராது. செவ்வாய்தான் இடக்கு. 79:42 (குழாயில் 79, அச்சில் 42) அருமையான விகிதம், 79 வருடத்தில் 2 நாள் பிசகு, ஆனால் கூட்டினால் 121. மற்றவற்றுக்கு மாட்யூல் 2 என்றால் இதற்கு மட்டும் சுமார் 1.39 போடுங்கள், பிரிண்டர் இருக்கும்போது என்ன கவலை.

நீள்வட்டம்:
இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? செவ்வாயின் பாதை நீள்வட்டம். நீங்கள் அதைச் சீரான வேகத்தில் வட்டத்தில் ஓட்டினால், விகிதம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சில இடங்களில் 10 பாகைக்கு மேல் தள்ளித்தான் நிற்கும். 55:29 வைத்தால் கூட்டுத்தொகை அதே 84, பிசகு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. துல்லியம்தான் வேண்டுமென்றால் பழங்கால கிரேக்கர்களின் ஆன்டிகிதெரா என்ற பற்சக்கர வானியல் இயந்திரத்தில் சந்திரனுக்குச் செய்ததுபோல் மையம் சற்று விலகிய இரண்டு சக்கரங்களை ஒரு முளையாலும் பள்ளத்தாலும் இணைத்துப் பாருங்கள், வேகம் கூடிக் குறையும்.

பழைய கடிகாரம்:
ஒரு சதவீதம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். நீள்வட்டத்தின் பிசகு போய்த் திரும்பி வந்துவிடும், விகிதத்தின் பிசகு வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். 55:29 வைத்தால் ஒரு வருடத்திலேயே ஒன்றரைப் பாகை, பத்து வருடம் சுற்றினால் 15-ஐத் தாண்டிவிடும்.

திருகாணி:
சரி, அப்போது 79:42, முளை அடுத்த முயற்சிக்கு. அப்புறம், தூரத்தையும் அளவாக வைக்கலாமா?

நீள்வட்டம்:
நெதர்லாந்தின் ஃப்ரானெக்கரில் ஐசிங்கா 1774 முதல் 1781 வரை வீட்டின் உட்கூரையில் செய்த ஆரரியின் அளவு 1 மில்லிமீட்டருக்கு 10 லட்சம் கிலோமீட்டர். சனி சூரியனிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் தள்ளி. அதே அளவில் பூமியைச் செய்தால் 0.013 மில்லிமீட்டர்தான் வரும். உங்கள் பிரிண்டரின் முனை 0.4 தானே?