ஈமு 4 ஜோடி: வாங்கலாமா, விடலாமா?

கொல்லைமேடு:
ஒன்றரை ஏக்கர், 12 ஆடு, காலியாகக் கிடக்கும் ஒரு கொட்டகை. ஈமு 4 ஜோடி தருகிறேன், பொரிக்கும் குஞ்சுகளை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் விற்பவர். காடை வைக்கலாமா என்றும் ஒரு யோசனை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்:
ஈமுவில் தாராளமாக இறங்கலாம். வெயிலும் தாங்கும், குளிரும் தாங்கும். கோழி அளவுக்கு நோய்த் தொல்லை கிடையாது. வளர்ந்த பறவை 40 கிலோவுக்கு மேல் நிற்கும். இறைச்சி, முதுகுக் கொழுப்பிலிருந்து எண்ணெய், தோல், இறகு எல்லாமே காசு. வேலி மட்டும் 6 அடிக்குக் குறையக் கூடாது, கண்ணி சிறியதாக இருக்க வேண்டும். முள்கம்பி வேண்டவே வேண்டாம். மிரண்டால் நேரே போய் மோதித் தோலைக் கிழித்துக்கொள்ளும்.

கணக்கன்:
நீங்கள் சொன்ன ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி ஆள் வேண்டுமே, செம்மண்? அறுக்க ஒருவர், தோல் பதனிட ஒருவர், கொழுப்பை உருக்கிச் சுத்திகரிக்க ஒருவர். எட்டுப் பறவைக்காக இவர்களில் யார் வருவார்?

அந்தத் 'திரும்ப எடுத்துக்கொள்கிறேன்' பேச்சைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜோடிக்கு ஆண்டுக்கு 10 குஞ்சு தேறினால் அது 5 புது ஜோடி. 4 ஜோடி 20 ஆகும், 20 என்பது 100 ஆகும், அடுத்த தலைமுறையில் 500. குஞ்சை வாங்குபவர் அதை இன்னொரு வளர்ப்பாளருக்குத்தான் விற்கிறார் என்றால், புது ஆள் வருவது நிற்கிற அன்றைக்கு எல்லாம் நின்றுவிடும். 1990களில் அமெரிக்காவில் ஈமு விலை ஏறியதும் கவிழ்ந்ததும் இப்படித்தான். தீனி போட முடியாமல் சிலர் பறவைகளைத் திறந்தே விட்டுவிட்டார்கள்.

செம்மண்:
எந்தக் கால்நடையும் முதலில் இனவிருத்திக்குத்தான் விற்பனையாகும். ஆடு, மாட்டில் நல்ல கிடாவையும் காளையையும் அதிக விலைக்கு வாங்குவதில்லையா?

கணக்கன்:
அந்தக் கிடாவின் குட்டி கடைசியில் கறிக்கடைக்குப் போகிறது. விலையைத் தாங்கிப் பிடிப்பது அந்தக் கறிக்கடைதான். விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், கொல்லைமேடு: போன ஆண்டு இறைச்சிக்காக எத்தனை பறவை விற்றார், யாருக்கு? பதிலில் குஞ்சு விற்பனை மட்டும் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடைகாப்பு:
சந்தையை விடுங்கள், பொரிப்பதே தனி வித்தை. கோழி முட்டை இயந்திரம் 37.5 டிகிரியில் ஓடும். ஈமுவுக்கு 36 முதல் 36.5 வரைதான், ஈரப்பதமும் குறைவு. அதனால் இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க முடியாது. 50 நாள் ஆகும். கரும்பச்சை ஓடு தடிப்பானது, விளக்கு வெளிச்சத்தில் கரு தெரியாது. வாரம் ஒருமுறை எடை போட்டுத்தான் கண்காணிக்க வேண்டும். பொரிக்கும் வரை ஏறத்தாழ 15 சதவீதம் எடை குறைய வேண்டும். குறையாவிட்டால் குஞ்சு நீர்கோத்து, ஓட்டை உடைக்க முடியாமல் செத்துப்போகும்.

அதற்குப் பிறகு கால். வழுக்கும் தரையில் விட்டால் இரண்டே நாளில் கால் அகண்டுவிடும். சாக்கோ ரப்பர் விரிப்போ போடுங்கள். சத்து அதிகமான தீனியைக் கொட்டி, ஓட இடம் தராமல் அடைத்து வைத்தாலும் எலும்பு வளைந்துவிடும். உடல் ஏறும் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காது. ஆணி, கம்பித் துண்டு, பளபளப்பாக எது கிடந்தாலும் விழுங்கும் என்பதால் கொட்டகையைக் காந்தம் வைத்துத் துழாவிய பிறகே பறவையை விட வேண்டும்.

செம்மண்:
எல்லாம் சரி, கற்றுக்கொண்டால் முடியாத வேலையா? ஆண் பறவையே எட்டு வாரம் கிட்டத்தட்ட எதுவும் தின்னாமல் அடைகாக்கும். இயந்திரமே வேண்டாம்.

அடைகாப்பு:
காக்கும், மறுக்கவில்லை. ஆனால் முட்டையை எடுக்க எடுக்கத்தான் பெட்டை தொடர்ந்து இடும். ஆணிடம் விட்டால் எண்ணிக்கை குறையும், உங்கள் வருமானக் கணக்கு அங்கேயே உடையும்.

கொல்லைமேடு:
அப்படியானால் காடை?

கணக்கன்:
பணம் சீக்கிரம் திரும்பும். 17, 18 நாளில் பொரிக்கும், ஐந்து வாரத்தில் இறைச்சிக்குத் தயார், ஏழாவது வாரத்துக்குள் முட்டை. ஈமு முதல் முட்டைக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் காக்க வைக்கும். தவறு நடந்தாலும் காடையில் இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

செம்மண்:
தீனியைச் சொல்லாமல் விடுகிறீர்களே! 300 காடைக்கு நாளைக்கு 9 கிலோ. எட்டு ஈமுவுக்கு 6 கிலோ, மேய்ச்சல் இருந்தால் இன்னும் குறையும். எச்சத்தின் அமோனியா நெடி வேறு. தினமும் தட்டு வழிக்க ஆள் இருக்கிறாரா?

கணக்கன்:
ஆள் இல்லையென்றால் காடையும் வேண்டாம், இதில் உங்கள் பக்கம்தான் நான். ஆட்டையே 20 ஆக்கலாம். வைத்தியம் பார்க்கவும் வாங்கவும் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

அடைகாப்பு:
காடை என்று முடிவானால் 50 குஞ்சோடு நிறுத்துங்கள். பிறந்த குஞ்சு 7, 8 கிராம்தான், தண்ணீர்த் தட்டிலேயே மூழ்கிவிடும். முதல் வாரம் தட்டில் கூழாங்கல் நிரப்பி வையுங்கள். குஞ்சுகளுக்குக் கொடுக்கும் வெப்பம் தொடக்கத்தில் 35 டிகிரிக்கு மேல், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். கூண்டின் உயரம் ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். உயரமாகக் கட்டினால் செங்குத்தாக எம்பித் தலையை உடைத்துக்கொள்ளும். மூன்றாவது வாரம் நெஞ்சைப் பாருங்கள்: செம்பழுப்பு ஆண், புள்ளி போட்டது பெட்டை. மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் போதும், மிச்ச ஆணை உடனே பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கொத்திக் குதறிவிடும்.

செம்மண்:
என் கருத்து மாறவில்லை. ஈமு ஆசை இருந்தால் ஒரே ஒரு ஜோடி, ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாமல்.

கொல்லைமேடு:
இறைச்சி விற்பனைக் கேள்வியை விற்பவரிடம் கேட்டாயிற்று. 'அதற்கு இன்னும் இரண்டு வருடம் ஆகும்' என்றார். கொட்டகைக்குக் கூண்டு அளவெடுக்கிறேன்.