செட் பழக்கும்போது எதிர்ப்படுபவை: கைக்கு முன்னால் டாஸையும் காலையும் பாருங்கள்

கேள்வி கேட்டவர்

10 முதல் 12 வயதுப் பிள்ளைகள், வகுப்பில் 40 பேர், பந்து 8, பீரியட் 40 நிமிடம். வாலிபாலில் அண்டர்ஹேண்ட் பாஸ் (முன்கைகளைச் சேர்த்துக் கீழிருந்து பந்தை எடுப்பது) ஓரளவு வந்துவிட்டது. செட் (அடிப்பவருக்காகப் பந்தைத் தலைக்கு மேல் விரல்களால் உயரத் தள்ளிக் கொடுப்பது) என்றதும் பாதிப் பேர் உள்ளங்கையால் தட்டுகிறார்கள், மீதிப் பேர் பிடித்து எறிகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தொடுதலை எப்படிக் கொண்டுவருவது? வகுப்பில் நீங்கள் பார்க்கிற தவறுகளையும் அதற்குச் செய்கிற வைத்தியத்தையும் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், மைதானத்தில் வேலைக்கு ஆகிற விஷயம் போதும்.

நடுநிலை வகுப்புகளுக்கு உடற்கல்வி எடுப்பவர்

கை வடிவத்தை வாயால் விளக்கப் போனால் பத்து நிமிடம் காலி. பந்தைத் தரையில் வைத்துவிடுங்கள். பிள்ளை குனிந்து, இரண்டு கையாலும் மேலிருந்து பந்தைப் பொத்தி, உள்ளங்கை படாமல் விரல்களால் மட்டும் தூக்கட்டும். விரல்கள் தானாக விரிந்து பந்தின் வளைவை எடுத்துக்கொள்ளும். அதே பிடியோடு, மணிக்கட்டைப் பின்னுக்கு மடித்து, நெற்றிக்கு மேல் ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோகட்டும். இப்போது பக்கத்தில் இருப்பவர் பந்தை மட்டும் உருவி எடுத்துவிட வேண்டும். காற்றில் மிச்சம் நிற்கிற கைதான் செட் கை.

அந்த நிலையில் இரண்டு விஷயம் பாருங்கள். கட்டைவிரல்களும் ஆள்காட்டி விரல்களும் சேர்ந்து ஒரு சின்ன ஜன்னல் மாதிரி இருக்க வேண்டும், அதன் வழியாகப் பந்து தெரிய வேண்டும். கட்டைவிரல் இரண்டும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கட்டைவிரல் எதிரே நீட்டிக்கொண்டிருந்தால் வருகிற பந்து அதன் நுனியில்தான் குத்தும். செட் என்றாலே கை வலிக்கும் என்று பிள்ளைகள் ஒதுங்குவதற்குப் பெரும்பாலும் இந்த ஒரே காரணம்தான்.

பந்தின் பாரத்தைத் தாங்குவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் பக்கவாட்டில் அணை கொடுக்கின்றன, அவ்வளவுதான். “பத்து விரலாலும் தள்ளு” என்று சொன்னால் விரல் விறைத்துப்போகும். அப்படிச் சொல்லாதீர்கள்.

பயிற்சியாளர், 14 வயதுக்கு உட்பட்டோர்

கை பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் வகுப்பில் கெட்டுப்போகிற செட்டில் பெரும்பகுதி கையில் கெடுவதில்லை, பந்து போட்டுக் கொடுப்பவரிடம் கெடுகிறது. எதிரே நிற்கிற பிள்ளை ஒரு கையால் மார்பு உயரத்துக்கு விசிறி எறியும். செட் செய்ய வேண்டிய பிள்ளைக்குப் பந்துக்கு அடியில் போக நேரமே இருக்காது. வேறு வழியில்லாமல் மார்புக்கு முன்னால் பிடித்துத் தள்ளும். நாம் போய் அந்தப் பிள்ளையின் கையைத் திருத்திக்கொண்டிருப்போம்.

ஆகவே முதல் வகுப்பில் டாஸ் போடப் பழக்குங்கள். 3 மீட்டர் தூரம், இரண்டு கையாலும் கீழிருந்து மேலே, சுழல் இல்லாமல். பந்து தரையிலிருந்து 3 முதல் 3.5 மீட்டர் வரை ஏறி இறங்க வேண்டும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. செட்டர், அதாவது செட் செய்பவர், நிற்கிற இடத்தில் ஒரு வளையம் போடுங்கள், அல்லது சாக்பீஸால் வட்டம் வரையுங்கள். செட்டர் விலகிக்கொள்ள, டாஸ் அந்த வட்டத்துக்குள் விழ வேண்டும். ஐந்தில் நான்கு விழுகிற வரை யாரும் செட் செய்ய வேண்டாம். இதற்கு முழுதாக 15 நிமிடம் போனாலும் நஷ்டமில்லை.

டாஸ் இன்னும் கைவரவில்லை என்றால், பந்தைத் தரையில் ஓங்கிக் குத்தித் தலைக்கு மேல் எழும்பவிட்டு, இறங்கும்போது செட் செய்யச் சொல்லலாம். பந்து மெதுவாக, நேராக, கண்ணுக்கு எதிரிலேயே இறங்குவதால் பயந்த பிள்ளைக்கும் அடியில் போய் நிற்க நேரம் கிடைக்கிறது. சிமென்ட் தளத்தில்தான் இது எடுபடும். மண்ணில் பந்து எழும்பாது.

தொடக்க வகுப்பு ஆசிரியர்

பிடித்து எறிவதைத் தவறு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு (8, 9) அதுதான் முதல் படி. மேலே போட்டு, நெற்றிக்கு மேல் செட் கையிலேயே பிடித்து, அப்படியே சிலையாக நின்று, பிறகு முழங்காலிலிருந்து நிமிர்ந்து தள்ளுவது. சிலையாக நிற்கிற அந்த நேரத்தில்தான் நம்மால் முழங்கையையும் காலையும் பார்க்க முடிகிறது.

பந்துக்குப் பதில் பலூனில் பழக்குவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பயம் போக்க நல்லது, ஆனால் எடை இல்லாததால் பிள்ளைகள் அதை விரல் நுனியால் தட்டத்தான் கற்றுக்கொள்வார்கள். பலூனை மெல்லிய துணி உறைக்குள் போட்டு ஊதிக் கட்டினால் கொஞ்சம் கனம் வரும், கைக்குள் வந்து உட்காரும். வெட்டவெளியில் காற்றடித்தால் பலூனை மறந்துவிடுங்கள்.

பயிற்சியாளர், 14 வயதுக்கு உட்பட்டோர்

பிடிப்பதை மறுக்கவில்லை, எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. இரண்டு வகுப்புக்கு மேல் நீட்டினால் கை பந்தோடு கீழே இறங்கி மேலே வருகிற பழக்கம் ஊறிவிடும். பிறகு ஆட்டத்தில் ஒவ்வொரு செட்டுக்கும் பந்தைப் பிடித்ததாக விசில்தான். இரண்டாம் வகுப்பிலேயே “பிடி, நில், தள்ளு” என்பதை “பிடி, தள்ளு” ஆக்குங்கள், அப்புறம் வெறும் “தள்ளு”.

மைதானத்தில் காதை நம்புகிறவர்

40 பேரையும் கண்ணால் பார்க்க முடியாது, சத்தத்தைக் கேட்கலாம். பட்டென்று அறைகிற சத்தம் வந்தால் உள்ளங்கை பட்டிருக்கிறது. சத்தமே இல்லாமல் பந்து ஒரு கணம் காணாமல் போய் வந்தால் பிடித்து எறிந்திருக்கிறது. நல்ல செட்டில் மெல்லிய ஒரு சத்தம் மட்டும் இருக்கும்.

அடுத்தது சுழல். பந்து பம்பரம் போல் பக்கவாட்டில் சுற்றினால் ஒரு கை முந்தியிருக்கிறது, அல்லது ஒரு கை மட்டும் தள்ளியிருக்கிறது. இதற்குக் கையைத் திருத்துவதற்கு முன் தோளைப் பாருங்கள், பல நேரம் பிள்ளை இலக்குக்குக் கோணலாக நின்றிருக்கும். பந்து செட்டரை நோக்கிப் பின்னால் சுற்றினால், அது முகத்துக்கு முன்னால் தாழ இறங்கிய பிறகு கை அடியில் போய்த் தொட்டிருக்கிறது. காலை இன்னும் ஓரடி முன்னால் வைக்கச் சொன்னாலே தீரும். செட் நேர் மேலே போய்த் தலையிலேயே விழுந்தால் பந்துக்கு ரொம்ப அடியில் போய்விட்டார், அல்லது முதுகைப் பின்னால் சாய்த்துவிட்டார்.

தள்ளி முடிந்ததும் இரண்டு கையும் இலக்கை நோக்கி முழுதாக நீண்டு நிற்க வேண்டும். அடுப்பைத் தொட்ட மாதிரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் பந்து பாதி வழியில் விழும்.

நடுநிலை வகுப்புகளுக்கு உடற்கல்வி எடுப்பவர்

கால் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், கேள்வியில் அது வரவேயில்லை. பந்து வந்து சேர்வதற்கு முன் பிள்ளை நின்றிருக்க வேண்டும். ஓடிக்கொண்டே தொட்டால் உடம்பு போகிற பக்கமே பந்தும் போகும். பாதங்கள் தோள் அகலம், ஒரு பாதம் அரையடி முன்னால், முழங்கால் லேசாக மடிந்து. சோதிக்க ஒரு விளையாட்டு: டாஸை ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள், செட்டர் கையைக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் நெற்றியால் பந்தை வாங்க வேண்டும் (இதற்கு ஸ்பாஞ்சுப் பந்து மட்டும்). நெற்றியில் விழுகிற இடத்துக்குக் கால் போய்விட்டால் கைக்கு வேலை சுலபம்.

போதிய உயரத்துக்குத் தள்ள முடியாமல் திணறுகிற பிள்ளையிடம் “கையில் பலம் வை” என்று சொல்லாதீர்கள். பலம் முழங்காலிலிருந்து வருகிறது. முழங்கால் நிமிர்ந்து, பிறகு முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. எல்லாம் ஒரே ஓட்டத்தில்.

உபகரண அறையின் சாவி வைத்திருப்பவர்

பந்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. போட்டிப் பந்து 260 முதல் 280 கிராம், சுற்றளவு 65 முதல் 67 செ.மீ., காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோ. பத்து வயது விரலுக்கு இது கல். 200 கிராம் சுமாரில் வருகிற இலகு பந்து இருந்தால் அதுதான் வேண்டும். இல்லையென்றால் இருக்கிற பந்தில் கொஞ்சம் காற்றைக் குறையுங்கள். ரொம்பக் குறைத்தால் பந்து கையிலேயே தங்கிவிடும், மறுபடியும் பிடித்து எறிகிற வியாதிதான். பம்ப் ஊசியை ஈரப்படுத்தாமல் செருகாதீர்கள், வால்வு கிழியும்.

கணக்குப் போடுகிறவர்

ஒரே வரிசையில் 40 பேரை நிறுத்தி ஆசிரியரே டாஸ் போட்டால், ஒரு டாஸுக்கு 6 வினாடி என்று வைத்தாலும் 12 நிமிடத்தில் ஆளுக்கு 3 தொடுதல். 8 பந்துக்கு ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள்: டாஸ் போடுபவர், செட்டர், இலக்கில் நின்று தலைக்கு மேல் பிடிப்பவர், ஓடுகிற பந்தை எடுத்து வருபவர், கட்டைவிரலை மட்டும் கவனித்துச் சொல்பவர். 5 டாஸ் முடிந்ததும் ஒரு இடம் நகர வேண்டும். இடம் மாறுகிற நேரத்தையும் சேர்த்து, ஐந்து பேரும் செட் செய்து முடிக்கிற ஒரு சுற்றுக்கு 4 நிமிடம் ஆகும். அதே 12 நிமிடத்தில் ஆளுக்கு 15 தொடுதல்.

டாஸ் போடுபவரையும் இலக்கையும் நேர்க்கோட்டில் நிறுத்தாமல் முக்கோணமாக நிறுத்துங்கள். ஆட்டத்தில் பந்து வந்த திசைக்கே யாரும் செட் செய்வதில்லை. செட்டர் பந்தைத் தொடுவதற்கு முன்னாலேயே இலக்கைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும்.

பயிற்சியாளர், 14 வயதுக்கு உட்பட்டோர்

இலக்குக்கு பாஸ்கெட்பால் வளையம் அருமை. உயரம் 3.05 மீட்டர், விட்டம் 45 செ.மீ., நம் பந்தின் விட்டம் 21 செ.மீ. சுமார். 2 மீட்டர் தள்ளி நின்று செட் செய்து உள்ளே போட வேண்டுமென்றால் பந்தை உயரத் தூக்கியே ஆக வேண்டும், தட்டையாகத் தள்ளினால் போகாது. வளையத்தில் பட்டாலே ஒரு புள்ளி கொடுங்கள்.

சுவர்ப் பயிற்சி தனியாகச் செய்ய நல்லது, ஆனால் பந்து தட்டையாகத் திரும்பி வருவதால் கை மார்புக்கு இறங்கிவிடும். சுவரில் 2.5 மீட்டருக்கு மேல் கோடு போட்டு, அதற்கு மேல்தான் பட வேண்டும் என்று வைத்தால் பரவாயில்லை.

ஆட்டத்தை முதலில் வைப்பவர்

பயிற்சியாகவே நான்கு வாரம் ஓட்டாதீர்கள். வாலிபால் 1895-ல் பிறந்தது. ஒருவர் உயரத் தூக்கிக் கொடுக்க இன்னொருவர் அடிக்கிற முறை 1916-ல் பிலிப்பைன்ஸில்தான் உருவெடுத்தது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான், அடிக்க ஓர் ஆள் காத்திருந்தால்தான் தூக்கிக் கொடுக்கத் தோன்றும். பாட்மின்டன் ஆடுகளமும் 1.55 மீட்டர் வலையும் போதும், பக்கத்துக்கு மூன்று பேர். முதல் பந்தைப் பிடித்து டாஸ் போடலாம். இரண்டாவது கட்டாயம் செட். மூன்றாவது எப்படியாவது வலையைத் தாண்டினால் சரி. செட் வழியாக வந்த புள்ளிக்கு இரண்டு மதிப்பெண்.

டபுள் டச்சுக்கு (ஒருவர் கையில் பந்து அடுத்தடுத்து இரண்டு முறை படுவது) விசில் ஊதாதீர்கள். ஊதினால் எல்லோரும் அண்டர்ஹேண்டுக்கு ஓடிவிடுவார்கள். அமெரிக்கக் கல்லூரி மகளிர் ஆட்டத்திலேயே 2024 முதல், பந்து தன் அணியினருக்கே போகிறது என்றால் இரண்டாம் தொடுதலில் டபுள் டச்சை விட்டுவிடுகிறார்கள். பிடித்து எறிவதற்கு மட்டும் ஊதுங்கள்.

கேள்வி கேட்டவர்

விரல் சுளுக்கினால்?

தொடக்க வகுப்பு ஆசிரியர்

முதலில் சுளுக்காமல் பாருங்கள்: நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரமும் வளையலும் கழற்றியிருக்க வேண்டும், கண்ணாடிக்குப் பின்னால் நாடா இருக்க வேண்டும். அடிபட்டுவிட்டால் விரலைப் பிடித்து இழுக்கவே கூடாது, சொடக்கு எடுக்கவும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் 10, 15 நிமிடம் வையுங்கள். விரல் நுனி தொங்கிக்கொண்டு தானாக நிமிரவில்லை என்றாலோ, விரல் கோணியிருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். வெறும் வீக்கம் என்றால் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் போடலாம். அன்று அந்தப் பிள்ளை இலக்கில் வளையம் பிடிக்கட்டும்.