மறு: 'இயல்பளவு' வேண்டாம் – குஞ்சுகளின் இரத்த அளவுகளுக்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

காடை, கவுதாரி, ஃபெசன்ட் குஞ்சுகளின் இரத்த அளவுகள் வயது ஏற ஏற எப்படி மாறுகின்றன என்ற கட்டுரையில் வரும் 'reference interval' என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு வந்த மடலையும், அதற்கு வந்த பதில்களையும் இன்றுதான் முழுசாகப் படித்தேன். சிவப்பணு, வெள்ளணு, உட்கரு எல்லாம் சரி, பழகிய சொற்கள். அதற்கு முன்வைத்த 'இயல்பளவு' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவதையே அந்தச் சொல் கவிழ்த்துவிடும்.

நான் ஆய்வகத்தில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வாரக் கவுதாரிக் குஞ்சுகளின் முடிவுகள் வந்தன. இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் பங்கு, அதாவது ஹிமட்டோகிரிட், 30 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. படிவத்தின் ஓரத்தில் 'இயல்பளவு 35–55' என்று அச்சடித்திருந்தது. அவ்வளவுதான், 'இரத்தசோகை' என்று எழுதி அனுப்பிவிட்டோம், குஞ்சுகளை வளர்த்தவர்கள் குடிதண்ணீரில் இரும்புச்சத்து மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். குஞ்சுகளுக்கு ஒரு நோயும் இல்லை. அந்த 35–55 வளர்ந்த பறவைகளுக்கு உரியது, குஞ்சுக்குக் குறைவாகத்தான் இருக்கும், வளர வளர ஏறும்.

அப்புறம் அதே இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்த பூச்சை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். பறவையின் சிவப்பணு நம்முடையதுபோல உட்கரு இல்லாத வட்டத் தட்டு அல்ல. நீள்வட்டமாக, நடுவில் உட்கருவோடு இருக்கும். சாயம் ஏற்றினால் முதிர்ந்த அணு செம்மஞ்சளாகத் தெரியும், இளசு கொஞ்சம் உருண்டு நீலம் பாய்ந்திருக்கும். அந்தக் குஞ்சுகளின் பூச்சில் நீலம் பாய்ந்தவை எங்கே பார்த்தாலும் இருந்தன. எலும்பு மஜ்ஜை மும்முரமாகப் புது அணுக்களை அனுப்பிக்கொண்டிருந்தது, வளரும் உடம்பில் அப்படித்தான் இருக்க வேண்டும். இதை 'இயல்புக்குக் கீழே' என்று எழுத வைத்தது ஒரு சொல்தான்.

மனித மருத்துவத்திலும் இதே சிக்கல் இருந்தது. 1969இல் ஃபின்லாந்தின் கிராஸ்பெக், சாரிஸ் இருவரும் 'இயல்பு' என்பதை விட்டுவிட்டு, எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சுட்டும் 'reference' என்ற சொல்லுக்கு மாற வேண்டும் என்றார்கள், உலகம் மெல்ல மாறியது. இன்று அதன் பொருள் இதுதான்: நலமாக இருப்பவர்களை அளந்து, நடுவில் விழும் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வது. அப்படியானால் நலமாக உள்ள இருபதில் ஒன்று வெளியே விழத்தான் செய்யும். 'இயல்பளவு' என்றால் அந்த ஒன்று இயல்பற்றதாகிவிடுகிறது.

> 'ஒப்பெல்லை' என்று வைக்கலாமே, சுருக்கமாக இருக்கிறது.

எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், 'ஒப்பில்லை' என்று காதில் விழுகிறது. வகுப்பில் ஆசிரியர் சொல்லும்போது மாணவர் எதை எழுதிக்கொள்வார்? 'மேற்கோள் அளவு' என்றால் யாரோ சொன்னதை எடுத்தாள்வது போல இருக்கிறது. என் பரிந்துரை 'ஒப்பு வரம்பு'. வரம்பு என்றாலே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் இடம் என்பது தமிழ் படிப்பவருக்குத் தானாக வந்துவிடும். வயதுக்கு ஏற்றது என்று சொல்ல, முன்னால் 'வயதுவாரி' சேர்த்துக்கொள்ளலாம்: வயதுவாரி ஒப்பு வரம்பு.

> வயது ஏன்? 'வளர்நிலை' தானே பொருத்தம்?

ஐயா, உங்கள் காரணம் வலுவானது. ஜப்பானியக் காடை ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும், அதே வயதில் ஃபெசன்ட் இன்னும் குஞ்சுதான், அடுத்த இனப்பெருக்கக் காலம் வரை அது காத்திருக்க வேண்டும். ஆக 'ஆறு வாரம்' என்பது இரண்டுக்கும் ஒன்றல்ல. இருந்தாலும் படிவத்தில் எழுதக்கூடியது நாள் கணக்குதான், வளர்நிலையை ஆளுக்கொரு விதமாக மதிப்பிடுவார்கள். அதனால் வயது இருக்கட்டும், இனத்தின் பெயர் இல்லாமல் வயதை எழுதக்கூடாது என்று குறிப்பில் சேர்த்துவிடலாம்.

எல்லா அளவும் ஒரே திசையில் போவதில்லை என்பதையும் கவனத்தில் வையுங்கள். ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி குஞ்சில் அதிகம், எலும்பு கட்டும் செல்களிலிருந்து வருவது, வளர்ச்சி முடியும்போது இறங்கிவிடும். மொத்தப் புரதம் ஏறும். இதற்குள்ளேயே ஒரு வளைவு இருக்கிறது: தாய் மஞ்சள் கருவழியாகக் கொடுத்த எதிர்ப்புரதங்கள் முதல் சில வாரங்களில் தேய்ந்துபோக, குஞ்சு தானே தயாரிப்பது பின்னால் ஏறி வரும். முட்டையிடும் பெட்டையில் கால்சியம் இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஆணில் சிவப்பணுக்கள் கூடும், டெஸ்டோஸ்டிரோன் வேலை. ஆகவே தலைப்பில் 'வயதால் உயர்வு' என்று யாரோ முன்வைத்ததை ஏற்க வேண்டாம், 'வயதுசார் மாறுபாடு' போதும். 'மாற்றம்' என்று கூடச் சொல்லத் தயங்குகிறேன், அதே குஞ்சைத் தொடர்ந்து அளந்தால்தானே அப்படிச் சொல்லலாம். உடல் எடையில் நூறில் ஒரு பங்குக்கு மேல் இரத்தம் எடுக்கக்கூடாது என்பது நடைமுறை. 30 கிராம் குஞ்சென்றால் 0.3 மில்லி. அதனால் அதே குஞ்சை அடிக்கடி குத்த முடிவதில்லை, ஒவ்வொரு வயதுக்கும் வேறு வேறு குஞ்சுகளை எடுத்துத்தான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள்.

கடைசியாக, 'game bird' என்பதற்கு வைத்த 'வேட்டைப் பறவை'. வேட்டை நாய் வேட்டையாடும் நாய். வேட்டைப் பறவை என்றால் வாசகர் பருந்தையோ வல்லூறையோதான் நினைப்பார், இங்கே பேசுவது வேட்டைக்கு இலக்காகும் பறவையை. 'இரைப்பறவை' என்பதிலும் இதே குழப்பம். கட்டுரையில் வருபவை எல்லாம் கோழியின வரிசைதான் என்பதால் 'கோழியினக் காட்டுப்பறவைகள்' என்று எழுதிவிடலாம். வாத்துகளையும் சேர்ப்பதாக இருந்தால் இது பொருந்தாது, கட்டுரையாளர் சொல்லட்டும்.

அட்டவணைத் தலைப்பு 'கவுதாரி – வயதுவாரி ஒப்பு வரம்பு (நாட்களில்)' என்று இருக்கலாம். பக்கத்தில் எத்தனை குஞ்சுகளை அளந்தார்கள் என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். ஒரு வரம்பை உறுதியாகச் சொல்ல ஒவ்வொரு பிரிவிலும் 120 வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை, பத்துப் பன்னிரண்டை வைத்துப் போட்ட எண்ணையும் அதே தலைப்பில் போட்டுவிட்டால் சொல்லைத் திருத்திப் பயனில்லை. பறவைகளின் ஒரு வகை வெள்ளணுவான 'ஹெட்டரோஃபில்' என்ற சொல்லை இப்போதைக்கு அப்படியே விடுங்கள், அதற்குத் தனி இழையில் பேசலாம்.

அன்புடன்