கடைக் கணக்கைப் புது சாப்ட்வேருக்கு மாற்றிய அனுபவம்

பலகாரக் கடை, காரைக்குடி

நான் வேலை பார்ப்பது ஒரு பலகாரக் கடையில். ஆச்சி ஒருவர் வீட்டு அடுப்பில் ஆரம்பித்தது. தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், மாவுருண்டை, அதிரசம் என்று போடுகிறோம். சரக்கில் பாதி பாக்கெட்டாக வெளியூர்க் கடைகளுக்குப் போகும். மீதி கல்யாணச் சீருக்கு. பில், பாக்கி, ஸ்டாக் எல்லாம் பல வருடம் முன்பு தெரிந்த பையன் ஒருவர் எழுதிக்கொடுத்த புரோகிராமில்தான் ஓடியது. அவர் சிங்கப்பூர் போய்விட்டார். புரோகிராம் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும். அது ஒருநாள் காலையில் எழுந்திருக்காமல் அடம்பிடித்தபோதுதான் மாற்றுவது என்று முடிவெடுத்தோம். இது 2025 தை மாதம், கல்யாண ஆர்டர் குவிந்திருந்த நேரம்.

எப்போது மாற்றுவது என்பதில்தான் முதல் வாக்குவாதம். சாப்ட்வேர் கொடுப்பவர் ஏப்ரல் 1 என்றார். நிதியாண்டு பிறக்கிறது, ஆரம்ப இருப்பு போடச் சுலபம் என்பது அவர் கணக்கு. ஆனால் இரண்டு மாதத்தில் எங்களால் தயாராக முடியாது என்று எனக்குத் தெரிந்தது. நான் ஆடியைக் கேட்டேன். கல்யாணம் இல்லாத மாதம், அடுப்படியில் வேலை குறைவு. ஆச்சி ஒப்புக்கொள்ளவில்லை. "ஆடியில புதுக் கணக்கு எழுதுவாங்களாப்பா?" என்றார்.

அதைத் தீர்த்துவைத்தவர் எங்கள் கணக்கர் அண்ணன். அவருடைய ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த நிலையில், இருந்தவர். "இது புதுக் கணக்கு இல்ல ஆச்சி, ஒப்படைப்பு. மேலாள் மூணு வருஷக் கணக்கு முடிஞ்சு ஊருக்குத் திரும்பும்போது அடுத்து வர்றவர்கிட்ட பேரேட்டையும் பெட்டியையும் ஒப்படைப்பாங்கள்ல, அது மாதிரி" என்றார். ஆச்சிக்கு அது சரியாகப் பட்டது. ஆடிப்பெருக்கன்று முதல் பில் போடுவோம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. ஆகஸ்ட் 1, 2 இரண்டு நாளும் சரக்கு அனுப்பாமல் இருப்பை எண்ணுவது என்று வைத்துக்கொண்டோம். அதில் எங்களுக்கு வசதியும் இருந்தது. ஜூலை பில் எல்லாம் பழையதில், ஆகஸ்ட் பில் எல்லாம் புதியதில். ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனை ரிட்டர்ன் போடும்போது ஒரே மாதத்துக்கு இரண்டு இடத்திலிருந்து எடுத்து ஒட்டவேண்டிய சங்கடம் வராது. பில் நம்பருக்கும் புது முன்னெழுத்து வைத்தோம், பழைய வரிசையோடு மோதாமல் இருக்க.

அந்த ஒப்படைப்பு என்ற சொல்தான் எனக்கு வேலை முழுவதற்கும் வழி காட்டியது. மேலாள் மாறும்போது பேரேட்டில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஒரு தொகையை வாங்கிக்கொள்ள மாட்டார்களாம். இவர் நிஜமாகவே தரவேண்டியவர்தானா, தருவாரா என்று பேர் பேராகக் கேட்பார்களாம். நாங்களும் அப்படியே செய்தோம். பழைய புரோகிராமில் இருந்த வாடிக்கையாளர் பட்டியலை அச்செடுத்து, மே, ஜூன் முழுக்க மாலை நேரத்தில் நானும் அண்ணனும் உட்கார்ந்தோம். ஒரே கடை மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று கணக்காக இருந்தது. மதுரைக் கடை ஒன்று ஒரு கணக்கில் பாக்கி, இன்னொரு கணக்கில் முன்பணம். கடை மூடிப் பல வருடம் ஆனவர் பேரில் தொகை நின்றது. அதையெல்லாம் எந்த சாப்ட்வேராலும் கண்டுபிடிக்க முடியாது. போன் போட்டுக் கேட்டால்தான் தெரியும். பெரிய பாக்கி உள்ள எல்லோருக்கும் இருப்புக் கடிதம் அனுப்பி, சரி என்று பதில் வாங்கிய பிறகே அந்தத் தொகையைப் புதியதில் ஏற்றினோம்.

எழுத்துச் சிக்கல் தனி. பழையதில் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டும். புதியது யூனிகோடு, தமிழ் எழுத்தைத் தமிழாகவே வைக்கும் முறை. அப்படியே ஏற்றிப் பார்த்தபோது வாடிக்கையாளர் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிச் சாவிதான், அதனால் ஒவ்வொரு பெயரிலும் இரண்டு மூன்று இருந்தன. மாற்றிக்கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் தமிழும் ஆங்கில இனிஷியலும் கலந்த பெயர்களில் இனிஷியலையும் தமிழாக்கிவிடும். அதைக் கையால்தான் திருத்தினோம்.

அடுத்தது அளவு. கல்யாண ஆர்டர் சீட்டில் அதிரசம் எண்ணிக்கையில் இருக்கும், சீப்புச் சீடை படியில் இருக்கும், கடைக்குப் போகும் சரக்கு கிலோவில் இருக்கும். பழைய புரோகிராமில் ஒரே சீடைக்கு மூன்று பெயர் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம், அதனால் இருப்பு ஒருநாளும் ஒத்துவராது. புதியதில் ஒரு பொருளுக்கு ஓர் அடிப்படை அளவு, மற்றவை அதன் மடங்கு. சரி, ஒரு படி சீப்புச் சீடை எத்தனை கிராம்? அடுப்படியில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆச்சியே தராசோடு வந்து உட்கார்ந்தார். அவர் சீருக்கு அளப்பது தலைதட்டாத படி, கும்பமாக இருக்கும். பாக்கிங்கில் இருக்கும் அக்காக்கள் தலைதட்டி அளக்கிறார்கள். இத்தனை வருடமும் இருப்பு ஏன் இடித்தது என்று அந்த மத்தியானம்தான் தெரிந்தது. ஆச்சி அளவையே எல்லாவற்றுக்கும் வைத்தோம்.

ஜூலையில் மூன்று வாரம் ஒவ்வொரு பில்லையும் இரண்டிலும் போட்டோம். பில் போடும் பெண்கள் இரண்டு பேருக்கும் அது கடுமையான வேலை. அந்த மாதத்துக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று நான் முதலிலேயே ஆச்சியிடம் சொல்லியிருந்தேன், கொடுத்தார். இந்த மூன்று வாரத்தில் இரண்டு பிழை அகப்பட்டது. பழையது ஒவ்வொரு வரியையும் ரூபாய்க்கு முழுதாக்கும், புதியது கடைசித் தொகையை மட்டும். அது சில்லறை. இன்னொன்று அப்படியில்லை. சீருக்கு வாங்கிய முன்பணத்தைப் பழையது எதிர்மறைப் பாக்கியாக வைத்திருந்தது. ஏற்றும்போது எதிர்மறை எண்கள் விடுபட்டுவிட்டன. ஆவணிக் கல்யாணத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் வந்து கேட்டால் எங்கள் கணக்கில் அவர்கள் பேரே இருந்திருக்காது. ஐந்தொகை, அதாவது எல்லாக் கணக்கின் நிலுவையையும் திரட்டிய மொத்தப் பட்டியல், போட்டுப் பார்த்த அன்று தொகை இடித்ததால்தான் அண்ணன் அதைப் பிடித்தார்.

இவ்வளவு செய்தும் ஆடிப்பெருக்கன்று ஒன்று சறுக்கியது. பிரிண்டர். லாரி சர்வீஸுக்கு மூன்று நகல் தாள் வேண்டும், அதற்கு ஊசியால் தட்டி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ்தான். யூனிகோடு தமிழை அது படமாக வரைந்து அடித்தது. ஒரு பில்லுக்கு நிமிடக்கணக்கில் ஆனது, வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஒத்திகையில் நாங்கள் பில்லைத் திரையில் மட்டுமே பார்த்திருந்தோம். அன்று சாயங்காலமே லாரி நகலை மட்டும் ஆங்கில எழுத்துக்கு மாற்றிச் சமாளித்தோம்.

நீங்கள் மாற்றியிருந்தால் எழுதுங்கள். எங்கே இடித்தது என்பதை விவரமாக எழுதினால் அடுத்தவருக்கு உதவும்.

ஹார்டுவேர் கடை, தேவகோட்டை

எங்களுடையது இவ்வளவு பெரிய மாற்றம் இல்லை. டேலி என்ற கணக்கு சாப்ட்வேரில் பழைய பதிப்பான டேலி ஈஆர்பி 9 வைத்திருந்தோம், புதுப் பதிப்பான டேலி பிரைமுக்குப் போனோம். ஒரே குடும்பத்துச் சாப்ட்வேர்தானே, அரை மணி நேர வேலை என்று நினைத்து ஒரு மாதம் 9ஆம் தேதி இரவு செய்தேன். ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11ஆம் தேதி. தேதி தேர்ந்தெடுத்ததே என் தப்பு.

கணக்கு ஒழுங்காக மாறிவிட்டது. எங்கள் பில் வடிவம்தான் வரவில்லை. கம்பி, பைப்புக்கு நீளமும் எடையும் சேர்ந்து வருகிற மாதிரி முன்பே தனியாக ஒருவரிடம் எழுதி வாங்கியிருந்தோம். புதுப் பதிப்புக்கு அதைத் திருத்தவேண்டும், எழுதியவர் இரண்டு நாள் கழித்துத்தான் வருவேன் என்றார். சரி, பழையதற்கே திரும்புவோம் என்றால், மாற்றிய கணக்கு பழைய பதிப்பில் திறக்காது. பேக்கப் எடுத்திருந்தேன், ஆனால் அது மாதம் பிறந்த அன்று எடுத்தது. எட்டு நாள் பில்லை அப்பாவும் நானும் காகிதத்தைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இப்போது பதிப்பு மாற்றுவதென்றால் மாற்றும் நிமிடத்துக்கு முன் ஒரு பேக்கப், அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து ஐந்தொகை ஒத்தால்தான் அடுத்த வேலை. எடுத்த பேக்கப் திறக்குமா என்று பார்க்காதவரை அதை நான் பேக்கப் என்று சொல்வதில்லை.

பழைய வீட்டு விடுதி, கானாடுகாத்தான்

எங்களுக்கு டிசம்பர், ஜனவரிதான் வெளிநாட்டு விருந்தினர் வரும் காலம். அறைப் பதிவு சாப்ட்வேரை மே மாதத்தில் மாற்றினோம், வெயிலுக்கு ஆள் வராத நேரம். காரைக்குடிக்காரர் முன்பணம் பற்றி எழுதியதைப் படித்ததும் எங்கள் நிலைமை நினைவுக்கு வந்தது. எங்களிடம் விடுபட்டது குறிப்புப் பகுதி. "படியேற முடியாது, கீழ் அறை கொடுக்கவும்" என்று ஒரு முதியவர் எழுதியிருந்தது புதியதில் வரவில்லை. நல்லவேளையாக எங்கள் சமையல்காரருக்கு அவரை முந்தின வருடமே தெரியும். தொகையைச் சரிபார்த்தோமே தவிர, குறிப்புகளைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கண்டாங்கிச் சேலைக் கடை, காரைக்குடி

நாங்கள் நாலு பேர் இருக்கும் கடை. மூன்று வாரம் இரட்டை வேலை எங்களால் முடியாது. என்ன செய்யலாம்? பழைய கம்ப்யூட்டரை என்ன செய்தீர்கள்?

பலகாரக் கடை, காரைக்குடி

நாலு பேர் என்றால் மூன்று வாரம் வேண்டாம். ஒரு வாரம் போதும், ஆனால் அந்த வாரத்தில் ஒரு திருப்பிக்கொடுத்த சேலை, ஒரு முன்பணம், ஒரு கடன் பில், ஒரு தள்ளுபடி எல்லாம் வந்துவிடவேண்டும். வராவிட்டால் நீங்களே பழைய பில்லில் ஒன்றை எடுத்துப் போட்டுப் பாருங்கள். சாதாரண ரொக்க பில் எதிலும் ஒழுங்காகத்தான் வரும். பிரிண்டரிலும் அடித்துப் பாருங்கள்.

திருப்பிக்கொடுத்தது என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் மாற்றி ஏழு வாரத்தில், செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள், பாக்கெட் முறுக்கு வகைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. தீபாவளி அக்டோபர் 20, அதாவது வேலை உச்சத்தில் இருந்த நேரம். பழைய புரோகிராமில் ஒரு பொருளுக்கு ஒரு வரிதான், தேதி கிடையாது. அதில் 5 என்று மாற்றினால் ஆகஸ்டில் 12 போட்டு அனுப்பிய பாக்கெட் திரும்பி வரும்போதும் 5 போட்டுத்தான் கிரெடிட் நோட், அதாவது தொகையைக் கழித்துக்கொடுக்கும் சீட்டு, அடிக்கும். புதியதில் எந்தத் தேதியிலிருந்து எந்த வரி என்று முன்கூட்டியே போட்டுவைத்தோம். 21ஆம் தேதி இரவு நான் வீட்டில்தான் தூங்கினேன்.

பழைய கம்ப்யூட்டரை விற்கவில்லை. ஜிஎஸ்டி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும், அந்தப் புரோகிராம் வேறெதிலும் ஓடாது. பில் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி இரண்டு இடத்தில் வைத்திருக்கிறோம். அப்படியும் மாதம் பிறந்ததும் கணக்கர் அண்ணன் அதைப் போட்டு, ஜூலை 31 ஐந்தொகை வருகிறதா என்று பார்த்துவிட்டு அணைக்கிறார்.