புதுப்பிப்பு: அப்பா தவறுன அப்புறம் அம்மாவை சர்ச் துக்க ஆதரவு குழுவுக்கு கூட்டிட்டு போனது

பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி. புதுசா படிக்கிறவங்களுக்கு: அப்பா தவறுனதுல இருந்து அம்மா சர்ச்சுக்கு போறதையே விட்டுட்டாங்க, யார்கிட்டயும் பேசறதில்ல, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தேன்.

சர்ச்சுல நடக்குற கிரீஃப்ஷேர்ங்கிற துக்க ஆதரவு குழுவுக்கு கூட்டிட்டு போய் கூடவே உக்காருங்க, பேச சொல்லி வற்புறுத்தாதீங்கன்னு இங்க ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்துச்சு. மொத்தம் 13 வாரம், ஒவ்வொரு வாரமும் வீடியோ, அப்புறம் குழுவா பேசறது, வீட்ல எழுத ஒர்க்புக், நடுவுல எந்த வாரத்துலயும் சேரலாம். அம்மா ஆரம்பத்துல வாயே திறக்கல, ஒர்க்புக் ஓரத்தை மடிக்கிறதும் நிமித்தறதுமா இருந்தாங்க, நடத்துறவங்களும் விட்டுட்டாங்க. அப்புறம் ஒரு நாள் பக்கத்துல இருந்தவங்க "அவர் வர்ற நேரமானா இன்னும் காது வாசல் பக்கமே போகுது"ன்னு சொன்னதும் அம்மா "எனக்கும்தான்"னாங்க, அதுக்கப்புறம் நிறுத்தாம பேசுனாங்க.

எல்லாம் கர்த்தரோட சித்தம்னு சொல்லி தேத்துங்கன்னு சிலர் சொன்னது எங்களுக்கு சரிவரல, அம்மா இன்னும் ஒடுங்கிட்டாங்க.

எதிர்பார்க்காதது, குழுவுக்கு தவறாம வர்றாங்க, ஆனா ஞாயிறு ஆராதனைக்கு இன்னும் முடியல, அப்பா பக்கத்துல நின்னு பாடுன பாட்டு வந்தா தாங்கலயாம். போதகர் அவசரமே இல்லன்னார், 13ஆம் சங்கீதத்துல தாவீதே எதுவரைக்கும்னு கர்த்தர்கிட்ட கேக்குறார், அழறது அவிசுவாசம் இல்லன்னும் சொன்னார்.

இன்னொண்ணு, இந்த குழு டாக்டருக்கு பதில் இல்ல. சாப்பாடு தூக்கம் சுத்தமா போச்சுன்னாலோ, வாழவே வேணாம்னு பேசுனாலோ உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.