ஏத்தத்துல லொறி இழுக்கல, கரும்புகை. டர்போ மாத்தத்தான் வேணுமா?

கொட்டாஞ்சேனை லொறிக்காரன்:
14½ அடி ஜப்பான் லொறி, டர்போ (எஞ்சினுக்குக் காத்தை அமுக்கிக் குடுக்கிறது), இன்டர்கூலர் (அந்தக் காத்தை ஆற வைக்கிறது) எல்லாம் இருக்கு. புறக்கோட்டையில வெங்காயம், கோதுமை மா ஏத்திக்கிட்டு ஹட்டன் போறேன். அவிசாவளை வரைக்கும் ஒரு குறையும் இல்ல. கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏத்தம் தொடங்கினா, முந்தி மூணுல ஏறின வண்டி இப்ப ரெண்டுக்கு இறங்குது. கரும்புகை வேற. பின்னுக்கு வார பஸ்காரன் ஹோர்ன் அடிச்சே ஏசுறான்.

எயார் ஃபில்டர், டீசல் ஃபில்டர் புதுசு. கராஜ்ல ஸ்கேனர் போட்டதுல பி0299 கோட். ஓடவிட்டுப் பாத்தப்போ பூஸ்ட் (டர்போ குடுக்கிற காத்தழுத்தம்) 160க்கு மேல போகல. "டர்போ போச்சு, மாத்துங்க"ன்னு சொல்றாங்க. டர்போ ஷாஃப்டைக் கையால ஆட்டிப் பாத்தேன், பெருசா ஆட்டம் இல்ல. என்ன செய்யலாம்?

கிராண்ட்பாஸ் பழைய பாஸ்:
தம்பி, காசை இப்ப எடுக்காதீங்க. அந்தக் கோட் பூஸ்ட் காணாதுன்னுதான் சொல்லுது, டர்போ செத்துப்போச்சுன்னு சொல்லல.

முதல்ல அந்த 160. அது கிலோபாஸ்கல், வெளிக்காத்தையும் சேத்த கணக்கு. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் போட்டுப் பாருங்க, கொழும்புல 100 கிட்ட காட்டணும். (நுவரெலியாவுல பாத்தா 80 கிட்டத்தான் வரும், பயப்பட வேணாம்.) அப்ப உங்க டர்போ கூட்டிக் குடுக்கிறது வெறும் 60, 9 பிஎஸ்ஐ கூட இல்ல. முழு லோட்ல அந்த மாதிரி எஞ்சினுக்கு 100க்கு மேலயாவது கூடணும். டீசல் போகுது, காத்துக் காணாது, அதான் கறுப்பு.

ஐட்லிங்ல வெச்சுக் காது குடுத்து லீக் தேடுற ஆட்கள் இருக்காங்க. ஐட்லிங்ல பூஸ்ட்டே இல்ல, என்னத்தைக் கேக்கிறது? எங்கிட்ட ஒரு சீமெந்து லொறி வந்துச்சு, வேற இடத்துல டர்போ மாத்தி அப்பவும் அதே புகை. படுத்துக்கிட்டு இன்டர்கூலர் ஹோஸ்ட அடிப்பக்கம் விரலை விட்டேன், கறுப்பா எண்ணெய்ப் பிசுக்கு. அமத்தினதும் மீன் வாய் மாதிரி ஒரு வெடிப்புத் திறந்துச்சு. ஒரு பிரெக்கெட்ல உரசி உரசி வந்தது. மேல இருந்து பாத்தா புது ஹோஸ் மாதிரி.

நீங்களே பாக்கலாம். டர்போ வாய்க்கு அளவான பிவிசி மூடி வாங்கி, துளை போட்டு ஒரு டியூப்லெஸ் டயர் வால்வ் மாட்டுங்க. எஞ்சின் ஆறினப்புறம் ஃபில்டர் ஹோஸைக் கழட்டி, அந்த வாய்ல மூடியைக் கிளிப் போட்டு இறுக்கி, ரெகுலேட்டர் வழியா மெதுவா காத்து விடுங்க. 15 பிஎஸ்ஐ, அதுக்கு மேல வேணாம். மூடிக்கு நேரா நிக்கவும் வேணாம், கழண்டா மூஞ்சிலதான். அப்புறம் ஒவ்வொரு மூட்டுக்கும் சவர்க்காரத் தண்ணி. டிப்ஸ்டிக் பக்கம் கொஞ்சம் சீறினா விடுங்க, அது பிஸ்டன் ரிங் வழியா போறது. கழட்டின ஃபில்டர் ஹோஸையும் வெளிச்சத்துல பாருங்க. அதுல ஓட்டை இருந்தா எண்ணெய் தெரியாது, தூசியை உள்ள இழுத்து டர்போ இறக்கையையே தின்னும்.

வத்தளை நானா:
பாஸ் சொன்னது சரி. ஹோஸ்ல ஒண்டும் இல்லாட்டி எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட் கேஸ்கட்டையும் பாருங்கோ. டர்போவுக்கு முந்தி புகை வெளிய போனா, சுத்துறதுக்கு விசை ஏது? அந்த இடம் கரி புடிச்சிருக்கும். ஈஜிஆர் வால்வ் (எரிஞ்ச புகையில கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள்ள விடுறது) திறந்தபடி இறுகினாலும் இதே கூத்துத்தான்.

கொட்டாஞ்சேனை லொறிக்காரன்:
பாஸ், அம்புட்டுருச்சு! இன்டர்கூலர்ல இருந்து எஞ்சினுக்குப் போற ஹோஸ், கிளிப்புக்கு அடியில. கொப்புளம் கொப்புளமா நுரை. கிளிப் இறுகித்தான் இருந்துச்சு, ஆனா ஹோஸ் எண்ணெய்ல ஊறிப் பஞ்சு மாதிரி. பஞ்சிகாவத்தையில ஹோஸும் போல்ட் வெச்ச கிளிப்பும் எடுத்து, பைப் வாயை தின்னர் போட்டுத் துடைச்சு மாட்டினேன். நேத்து அதே ஏத்தம், அதே லோட்: மூணாவது கியர், 215. ஒரே ஒரு சந்தேகம், ஹோஸுக்குள்ள எண்ணெய் கிடந்துச்சே, அது எங்க இருந்து?

கிராண்ட்பாஸ் பழைய பாஸ்:
பிரீதர்ல (எஞ்சினுக்குள்ள சேர்ற எண்ணெய் ஆவி வெளிய போற குழாய்) இருந்து வார ஆவிதான் பெரும்பாலும். ஒரு தேக்கரண்டின்னா விட்டுருங்க. ஒரு டீ கப் கிடந்தா டர்போவைக் கழட்டிட்டு வாங்க, பாப்பம்.